காத்திருக்கும் குழந்தை: ஒரு திரைப்படமும் அதன் இரு மனங்களும்

ஒரு படைப்பை ஆக்கியோர் இருவர் அதன் முடிபு பற்றித் தம்முள் மாறுபட்டு நிற்பாராயின், அம்மாறுபாடு படைப்பினுள்ளே எங்கேனும் தழும்பாகக் கிடக்கும். 1963ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ‘ஏ சைல்ட் இஸ் வெயிற்றிங்’ (ஒரு குழந்தை காத்திருக்கிறது) என்னும் கறுப்பு வெள்ளைத் திரைப்படம் அத்தகையது. ஸ்ரான்லி கிறேமர் அதன் தயாரிப்பாளர். ஜோன் கசவெற்றிஸ் நெறியாளர். 1957இல் தொலைக்காட்சி நாடகமாக வந்த தம் கதையை ஏபி மான் திரைக்கென விரித்தெழுதினார். படத்தொகுப்பு நிலையிற் கிறேமர் நெறியாளரை விலக்கிவிட்டுத் தம் கருத்துப்படி படத்தை முடித்தார். கசவெற்றிஸ் அதனைத் தமதென ஏற்க மறுத்தார். திரையுலகில் இவ்வகைப் பூசல்கள் மலிந்தனவே. ஆயின் இங்கே பூசலின் பொருள் பணமும் அன்று, புகழும் அன்று. மனவளர்ச்சி குன்றியோர் என அக்காலத்தார் வழங்கிய பிள்ளைகள் எங்கே வாழ்தல் வேண்டும் என்பதேயாம்.

கதை சுருக்கமானது. றூபன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அரசினர் நிலையம் ஒன்றின் முன்னே தந்தையின் மோட்டார் வண்டியிலிருந்து அவன் நயமாக இறக்கப்படுகிறான். இறங்கியதும், கதவைச் சாத்தவும் பொறாதவராய்த் தந்தை வண்டியைச் செலுத்திச் சென்றுவிடுகிறார். பெற்றோர் மணமுறிவு பெற்றவர்கள். பிறரைப் பார்க்க உறவினர் வரும் நாள்களில் அவனைப் பார்க்க எவரும் வருவதில்லை. அந்நிலையத்துக்குச் சங்கீத ஆசிரியையாக வரும் ஜீன் ஹான்சன் (ஜூடி கார்லன்ட்) அவன்பால் அளவிறந்த பரிவு கொள்கிறாள். நிலைய அதிபரான கலாநிதி கிளார்க் (பேர்ட் லங்காஸ்ரர்) அதனைக் கண்டிக்கிறார். பொய்க் காரணம் சொல்லித் தாயை வரவழைக்கிறாள் ஜீன். வந்த தாய் மகனைக் காணாமலே திரும்புகிறாள். அவள் செல்வதைக் கண்ட மகனோ வண்டியின் பின்னே ஓடுகிறான். அன்றிரவே நிலையத்தை விட்டும் ஓடிவிடுகிறான்.

கிளார்க்குக்கும் ஜீனுக்கும் இடையே நிகழும் வழக்கு ஆசிரியர் எவருக்கும் அயலானதன்று. ஒரு மாணவனிடத்து மட்டும் மிகுந்து செல்லும் அன்பு ஏனையோரிடமிருந்து எடுத்த அன்பு என்கிறார் கிளார்க். அதற்கும் மேலாக, பரிவு ஒரு பிள்ளையை என்றும் பிள்ளையாகவே வைத்திருக்கும், பயிற்சியே அவனை ஆளாக்கும் என்பது அவர் கொள்கை. வகுப்பறையில் இருபது ஆண்டு நின்றவன் என்னும் அளவில், இக்கொள்கையில் உண்மை உண்டென்றே நான் சொல்வேன். ஆனாற் படம் இவ்வுண்மையைக் கொண்டு வேறொன்றையும் நிலைநாட்ட முயல்கிறது. பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும் என்பது ஒரு கூற்று. அப்பயிற்சிக்காக அவன் வீட்டினின்றும் ஊரினின்றும் பிரிக்கப்பட்டு மதிலுக்குள் வாழவேண்டும் என்பது வேறொரு கூற்று. முன்னது மெய்யாதலாற் பின்னதும் மெய்யாகிவிடாது. லங்காஸ்ரரின் கம்பீரமான குரலும் நடையும் இவ்விடைவெளியை நாம் காணாதபடி மறைத்துவிடுகின்றன. நல்ல நடிப்பே இங்கு வாதத்துக்குத் திரையிடுகின்றது என்க.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கனைக் கூறினார். இப்பாகுபாடு ஈண்டுப் பெரிதும் பயன்படும். பெற்றோர் பற்றிய காட்சிகள் இழவின்பாற் படுவன. தாம் கனவிற்கண்ட மகனை இழந்தோம் என்பதே அவர்தம் துயர். தாயாக நடிக்கும் ஜீனா றோலன்ட்ஸ் (இவர் கசவெற்றிஸின் மனைவியார்) அதனைச் சொல்லாற் பெருக்காமல் முகத்தால் உணர்த்துகின்றார். பிள்ளைகள் பற்றிய காட்சிகளோ இளிவின்பாற் படுவன. பிறரால் எளியராய் எண்ணப்படுதலே அங்குத் துன்பம். கிறேமரின் உள்ளம் முன்னதிலும் கசவெற்றிஸின் உள்ளம் பின்னதிலும் தங்கியிருந்தன. கிறேமரின் படம் இப்பிள்ளைகளுக்கு உரிய இடம் நிலையமே என்கிறது, தாம் எடுத்த படமோ நலமுடையோராய்க் கருதப்படும் வளர்ந்தோரினும் இவர்கள் தம் வழியில் மேலானவர் என்றது, எனக் கசவெற்றிஸ் பிற்காலத்தில் வேறுபடுத்திக் கூறியதும் இதனோடு பொருந்தும்.

கசவெற்றிஸின் நோக்கு முற்றும் அழிந்துபோகவில்லை. கலிபோர்ணியாவின் பொமோனாவில் இருந்த பசிபிக் அரசினர் வைத்தியசாலையில் வாழ்ந்த பிள்ளைகளே இப்படத்திற் பெரும்பாலும் தோன்றுகின்றனர். அவர்கள் புகும் இடங்களில் எழுதிவைத்த வசனம் தளர்ந்துபோகிறது. கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளை தனக்குத் தோன்றியதைச் சொல்கிறது. வேறொன்று படப்பெட்டியையே நோக்கிச் சிரிக்கிறது. கார்லன்ட் அவ்வேளைகளில் நடிப்பதைக் கைவிட்டு விடைசொல்லத் தொடங்குகிறார். படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. றூபனாக வருபவனோ புறூஸ் றிச்சி என்னும் தொழில்முறைச் சிறுவர் நடிகன். திறமையான நடிப்புத்தான். எனினும் மெய்யான முகங்களின் நடுவே பயின்ற முகமொன்று இருப்பது கண்ணுக்குத் தட்டுப்படவே செய்கிறது. நாம் இரங்கவேண்டிய பிள்ளை நம்மைப் போன்ற முகமுடையவனாக இருக்கவேண்டும் என்று தயாரிப்போர் எண்ணினர் போலும். மற்றைப் பிள்ளைகளுக்கு இஃதும் ஓர் இளிவே.

படத்தின் தழும்பு என முதலிற் கூறியது எதனையெனின், வளர்ந்தோர் விடுதிக் காட்சியை. பயிற்சியின் இன்றியமையாமையை உணர்த்துதற்பொருட்டு வயதுவந்த ஆடவர் அடைக்கப்பட்டுள்ள பகுதிக்கு ஜீனை அழைத்துச் செல்கிறார் கிளார்க். செய்தொழிலின்றி, எதிர்நோக்க ஒருவருமின்றி அவர்கள் அங்கே இருக்கின்றனர். பயிற்சி பெறாத பிள்ளையின் கதி இதுவாகும் என்பது அவர் தரும் பொருள். ஆனால் அக்காட்சி அவர் வாய்க்கு அடங்குவதாயில்லை. அம்மனிதரும் ஒருகாலத்தில் யாரோ ஒருவரின் வண்டியிலிருந்து இறக்கப்பட்டவர்களே. அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கியது குறைபாடு மட்டுமா, அடைப்பும் சேர்ந்தா என்னும் வினா பார்ப்போன் நெஞ்சில் எழுந்துவிடுகிறது. படம் விடை கூறாது விரைந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறது. என் மதிப்பில் இப்படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே. அதன் கொள்கைக்கு இதனைவிடப் பெரிய பகையும் அங்கில்லை.

பின்வந்த வரலாறு அவ்வினாவின் பக்கமே நின்றது. படம் வெளிவந்த 1963இலேயே, தம் சகோதரி ஒருவர் இத்தகைய குறைபாடுடையவராயிருந்த ஜனாதிபதி கென்னடி, இவ்வகையினரின் நலங்குறித்த சட்டமொன்றிற் கையொப்பமிட்டார். 1972இல் நியூயோர்க்கின் வில்லோபுறூக் நிலையத்தின் அவலத்தைத் தொலைக்காட்சி நாடறியச் செய்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுடைய பிள்ளைகள் யாவர்க்கும் பொதுப் பாடசாலைக் கல்வியை உரிமையாக்கிற்று. பொமோனா வைத்தியசாலை லான்ரமன் என்னும் பெயர் பெற்று நெடுநாள் இயங்கியபின், அங்கு எஞ்சியிருந்தோர் 2014இன் இறுதியில் வெளியேற, மூடப்பட்டது.

இறுதிக் காட்சி பற்றி ஒருசொல். மகனைத் தனியார் நிலையமொன்றுக்கு மாற்ற வந்த தந்தை, நன்றியறிதல் நாள் நாடகத்தில் அவன் சொல்லும் வரிகளைக் கேட்டு மனம் மாறுகிறார். இது கிறேமருக்கு உவந்த முடிவு. இசையும் அதற்கேற்பத் ததும்புகிறது. படமோ அங்கு நிற்கவில்லை. புதிதாய் வந்திறங்கிய சிறுவன் ஒருவனை வரவேற்குமாறு கிளார்க் ஜீனிடம் கூறுகிறார். அச்சிறுவனைக் கொண்டுவந்து விட்டவர் எவர், அவரது வண்டி இன்னும் வாயிலில் நிற்கிறதா என்பன நமக்குக் காட்டப்படவில்லை.