அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து: இலக்கிய இடம்

சங்கரன்கோவில் அருகே சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய இசைப்பாடல் நூல் காவடிச்சிந்து. பாட்டுடைத் தலைவன் கழுகுமலை முருகன்.

காவடி சுமந்து நடப்போரின் தாளநடையில் அமைந்த நாட்டார் வடிவத்துக்குள் புலவர் மரபின் அடுக்கெதுகை, இயைபு, அகத்துறை ஆகியவற்றை ரெட்டியார் கொண்டுவந்தார். இந்நூலின் தனித்தன்மை இந்த இணைவே. சில இடங்களில் ஓசை பொருளை மீறிச் செல்கிறது. ஆனால் ஏட்டில் சொல்நெரிசலாகத் தோன்றுபவை பாடும்போது நடையாக மாறுகின்றன. ஆகவே இதை வாசிப்பின் வழியாக மட்டும் மதிப்பிட இயலாது.

பாரதி சிந்து வடிவங்களைக் கையாண்டபோது இம்மரபு அவருக்கு முன்னோடியாக இருந்தது. இன்று கச்சேரி முடிவில் துக்கடாவாக ஓரிரு பாடல்கள் மட்டுமே பாடப்படுவதால், காவடிச்சிந்தை முழுநூலாக அறியும் வாய்ப்பு குறைந்துள்ளது.