'வீரே தி வெட்டிங்' திரைப்படத்தில் நாணமும் நகையும்

முன்னுரை

பெண்களின் நட்பை மையமாகக் கொண்ட வணிகத் திரைப்படங்கள் இந்தியில் மிகுதியாக வந்ததில்லை. அவற்றுள்ளும் பாலுறவு குறித்துப் பெண்கள் தமக்குள் கூசாது பேசி நகையாடும் படங்கள் மிகச் சிலவே. சஷாங்கா கோஷ் இயக்கத்தில், நிதி மெஹ்ரா, மெஹுல் சூரி ஆகியோரின் எழுத்தில், 2018ஆம் ஆண்டு சூன் முதல் நாள் வெளிவந்த 'வீரே தி வெட்டிங்' அத்தகையது. இந்தியத் தணிக்கை வாரியம் இதற்கு வயது வந்தோருக்கான 'ஏ' சான்றிதழ் வழங்கியது. பாகிஸ்தானில் இது திரையிடப்படவில்லை. படத்தின் கொச்சை மொழியே எங்கும் பெரிதாகப் பேசப்பட்டது. அம்மொழி அப்பெண்களுக்கு எதனை ஈட்டித் தந்தது என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் வினாவாகும்.

கதையமைப்பு

தில்லியில் ஒன்றாகப் பள்ளியில் பயின்ற தோழியர் நால்வர். பெற்றோரின் பூசல்களைக் கண்டு வளர்ந்த காளிந்தி, ரிஷபை மணக்க இசைந்தும் மணவாழ்வை அஞ்சுகிறாள். மணவிலக்கு வழக்கறிஞரான அவ்னிக்குத் தாய் ஓயாது மாப்பிள்ளை தேடுகிறாள். மீரா வெளிநாட்டவர் ஒருவரை மணந்ததால் தந்தையிடமிருந்து விலகி வாழ்கிறாள். சாக்ஷி கணவன் வினீத்தைப் பிரிந்து பிறந்தகம் திரும்பியவள். காளிந்தியின் திருமணம் நால்வரையும் ஒன்றுசேர்க்கிறது. அவள் மனம் குழம்பவே அத்திருமணம் தடைப்படுகிறது. பின்னர் நால்வரும் புக்கெட் தீவுக்குச் செல்கின்றனர்.

தலைப்பும் விளிமொழியும்

'வீர்' என்னும் பஞ்சாபிச் சொல் உடன்பிறந்தானைக் குறிக்கும். தோழியர் தம்மைச் சுட்ட இந்த ஆண்பாற்சொல்லையே எடுத்துக்கொள்கின்றனர். நெருக்கத்தைக் காட்டப் பெண்பாற்சொல் அவர்களுக்குப் போதவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் வழங்கும் வசைச்சொற்களும் இத்தகையனவே. வட இந்திய வழக்கில் ஆண்கள் ஒருவரையொருவர் இழித்துரைக்கத் தாயையும் தமக்கையையும் சுட்டும் சொற்கள் அவை. அவற்றைப் பெண்கள் கூறுவதனால் மட்டும் அவற்றினுள் உறையும் பெண்ணிழிவு நீங்கிவிடாது. எனவே, பேச்சின் துணிவையே விடுதலையாகக் கொள்வாரின் கருத்தோடு நாம் உடன்படுவதற்கில்லை.

நாணமும் நகையும்

ஆயினும், சாக்ஷியின் கதை இக்குறையைக் கடந்து நிற்கிறது. தன் உடலின்பத்தைத் தானே தேடிக் கருவியொன்றைப் பயன்படுத்திய வேளையில் வினீத் அவளைக் கண்டுவிடுகிறான். அதனை ஊரறியச் செய்வதாக அச்சுறுத்திப் பெருந்தொகை கேட்கிறான். இங்கு நாணம் பண்பாக அன்று, விலைபேசப்படும் பொருளாகவே மாறிவிடுகிறது. ஊரார் எள்ளி நகைப்பர் என்னும் உறுதியே வினீத்தின் கையிருப்பு.

புக்கெட்டில் சாக்ஷி உண்மையை வெளியிடும்போது தோழியர் நகைக்கின்றனர். தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று. தோழியரின் நகையில் அவ்வெள்ளல் இல்லை. இவ்வளவுதானா என்னும் வியப்பே அதில் உள்ளது. அவள் அஞ்சிய செய்தி அந்நகையால் சிறுத்துவிடுகிறது. அதன்பின் பெற்றோரிடமும் அவளால் உண்மையைக் கூற முடிகிறது. அவர்களும் அவள் பக்கமே நிற்கின்றனர்.

இந்திய இலக்கிய மரபில் தோழி தலைவியின் மறையைக் காப்பவள். காளிதாசரின் சாகுந்தலத்தில் அனசூயையும் பிரியம்வதையும் துருவாசரின் சாபத்தைச் சகுந்தலையிடமிருந்தே மறைக்கின்றனர். அகமரபில் தோழி அறத்தொடு நின்று தலைவியின் களவைச் செவிலிக்குக் குறிப்பால் உணர்த்துகிறாள். இரண்டிலும் தலைவிக்காகப் பேசுவதோ பேசாதிருப்பதோ தோழியின் பொறுப்பாகிறது. இப்படத்தில் தோழியர் எதனையும் மறைப்பதில்லை, அவளுக்காகப் பேசுவதுமில்லை. கேட்டு நகைத்து, அவளே பேசுவதற்கு வழிவிடுகின்றனர். தோழி என்னும் பாத்திரத்தின் பணி இங்கு மாறியிருப்பதே படத்தின் புதுமை என்பது நம் கருத்து.

படம் காட்டிய எள்ளலைப் புறவுலகும் மெய்ப்பித்தது. கருவிக் காட்சியில் நடித்த ஸ்வரா பாஸ்கர், படம் வெளிவந்தபின் சமூக ஊடகங்களில் கடும் ஏளனத்திற்கு ஆளானார். வினீத் எண்ணிய ஊரார் கற்பனையல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முடிவுரை

இப்படம் குறையற்றதன்று. வணிகப் பொருள்களின் விளம்பரம் காட்சிகளிடையே துருத்தி நிற்கிறது. நால்வரின் துணிவுக்கு அவர்தம் செல்வமும் அரண். நினைத்தவுடன் தீவுக்குச் சென்று மனம் தேறும் வாய்ப்பும், திரும்பிவர வசதியான பிறந்தகமும் இல்லாத சாக்ஷியைப் பற்றிப் படம் எண்ணிப்பார்க்கவில்லை. இருப்பினும், பெண்ணை அடக்க நாணம் எவ்வாறு கருவியாகிறது என்பதையும், அச்சமின்றிக் கேட்கும் நட்பு அக்கருவியை எவ்வாறு மழுக்குகிறது என்பதையும் இது தெளிவாகக் காட்டுகிறது. கொச்சை மொழியை மட்டும் நோக்கி இதனைப் புறந்தள்ளுவோர் அம்மொழியினிடையே நிகழும் இம்மாற்றத்தைக் காணத் தவறுவர்.