முட்டையும் சுருள்பாசியும்

இலங்கையின் தேயிலை மலையில் பாசிக்கு நல்ல பேர் இல்லை. தேயிலைத் தண்டிலும் இலையிலும் துருவேறியதுபோல் படரும் செந்துரு நோய்க்குக் காரணம் செஃபாலியூரஸ் என்ற நுண்பாசி. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நுண்பாசி பச்சையாய்ப் பொங்கியது. மலைச்சரிவில் போட்ட உரம் மழையோடு இறங்கினால் பாசிக்கு விருந்துதான்.

இதே கூட்டத்தில் ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசி மட்டும் செல்லப்பிள்ளை. உலர்ந்த பொடியில் 60 முதல் 70 சதவீதம் புரதம். விஞ்ஞானி சி. வி. சேஷாத்ரியின் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம் அதைத் தமிழ்நாட்டுக் கிராமத்துத் தொட்டிகளுக்குக் கொண்டுபோனது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நியூட்ராசூட்டிக்கல்ஸ் வணிக அளவில் வளர்க்கிறது. தோட்டத்து மக்களில் பலருடைய பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்ததும் அந்தச் சீமையிலிருந்துதான்.

தோட்டத்தில் தேவையும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32. பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், தினம் ஒரு சிட்டிகை பச்சைப் பொடி கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும்.

கணக்குப் போட்டால் ஆசை குறைகிறது. ஒரு கிராம் பொடியில் இருப்பது அரை கிராமுக்குச் சற்று மேலான புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். முட்டைக்கு ஈடுகட்டப் பத்து கிராம் பொடி வேண்டும். அந்த வாடையோடு எந்தப் பிள்ளை விழுங்கும்? அதிலுள்ள பி12இல் பெரும்பகுதி மனித உடலுக்கு உதவாத போலி வடிவம். பீட்டா கரோட்டினும் இரும்பும் உண்மையிலேயே உண்டு. ஆனால் ரொட்டியோடு சாயத் தேத்தண்ணியும் உள்ளே போனால், இரும்பில் ஒரு பங்கைத் தேயிலையின் டானின் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மலையிலேயே வளர்க்கலாமே என்பது அடுத்த யோசனை. சுருள்பாசி செழிக்க 30 முதல் 35 பாகை வெப்பம் வேண்டும். நுவரெலியாவின் சராசரி 16, போதாததற்கு மூடுபனி. தொழிற்சாலை அடுப்பின் வீணாகும் வெப்பத்தைத் தொட்டிக்குத் திருப்பலாம், வெயிலை எங்கிருந்து திருப்புவது? தண்ணீரின் கடுங்காரத்தன்மைதான் சுருள்பாசிக்கு வேலி. அது தளர்ந்தால் வேறு பாசிகள் நுழையும். கொத்மலையில் பொங்கிய மைக்ரோசிஸ்டிஸ் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியது. அது கலந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுகூடம் வேண்டும்.

மலையில் நுண்பாசிக்குப் பொருத்தமான வேலை வேறு. மரக்கறித் தோட்டங்களிலிருந்து வடியும் நைதரசனையும் பொசுபரசையும் வாவிக்குப் போகுமுன் பாசிக் குட்டைகளில் உறிஞ்சவைக்கலாம். குளிர் தாங்கும் இனங்கள் அதற்கு உண்டு. இடமும் பராமரிப்பும்தான் செலவு. அப்படி வளர்ந்த பாசியை எருவாக்கலாம், உணவாக்கக் கூடாது.

பிள்ளைக்காம்பராவுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் முட்டை வாங்கட்டும்.