வீட்டு முகவரிக்குப் போன சிந்தனை

தலித் அறிவுமரபு என்றால் மனுவும் மேடையும் பத்திரிகையும்தான், அந்தரங்கக் கடிதம் அதில் வேர்விடவில்லை என்ற பேச்சு இப்போது கருத்தரங்குகளில் தாராளமாகப் புழங்குகிறது. சுதந்திரமாக யோசிப்பதைப்போல் தோன்றும் இந்தக் கருத்து, உண்மையில் நம் தேடலின் சோம்பலை ஒரு சமூகத்தின் இயல்பாக மாற்றிவிடுகிறது.

தமிழ்க் கடித இலக்கியத்தின் வரிசை நமக்குத் தெரியும். காசியிலிருந்து செல்லம்மாளுக்கு எழுதிய பாரதி, ரசிகமணி டி.கே.சி., கி.ரா., கு. அழகிரிசாமி. மு.வ.வின் ‘அன்னைக்கு’ம் ‘தம்பிக்கு’ம் கற்பனை மடல்கள். அண்ணாவின் தம்பி ஒரு கட்சி முழுவதும். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவற்றை இளையபாரதி தொகுத்த ‘கண்மணி கமலாவுக்கு’ உண்மையான உறைக்குள் இருந்து வந்தது: படவேலை, காசநோய், அனுப்ப முடியாத பணம். அதையும் மனைவி மீதான அன்புக்குச் சான்றாகப் படித்தோமே தவிர, புதுமைப்பித்தனின் சிந்தனைக்குள் சேர்த்துப் படிக்கவில்லை.

அமெரிக்கக் கறுப்பின அறிவாளர்களின் வீட்டுக் கடிதங்களை அப்படிப் பிரித்துப் படிப்பதில்லை. 1914இல் இங்கிலாந்துப் பள்ளியில் படிக்கப்போன மகள் யோலாண்டிடம், உன் பழுப்பு நிறத்தையும் சுருள் முடியையும் வியந்து பார்ப்பார்கள், கலங்காதே என்று எழுதினார் டு பாய்ஸ். நிறத்தைப் பற்றிய அவருடைய நூல்களுக்கு அந்தக் கடிதம் அடிக்குறிப்பு அல்ல, அவற்றின் உயிர்நிலை. பால்ட்வின் 1962இல் தம்பி மகனுக்கு எழுதியது நேராகவே அச்சுக்குப் போனது.

1946இல் அதே டு பாய்ஸுக்கு எழுதிய அம்பேத்கரைக் கொண்டாடுகிறோம். ஆனால் மனைவி ரமாபாய்க்கு எழுதிய அம்பேத்கர்? லண்டனில் ரூபாயின் சிக்கலைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், பம்பாய் வீட்டின் பணத்தட்டுப்பாடு அவருடைய கடிதங்களில் நிற்கிறது. 1913இலேயே நியூயார்க்கிலிருந்து தந்தையின் நண்பருக்கு எழுதி, பெண்பிள்ளைகளின் படிப்பை வலியுறுத்தியவர் அவர். 1926இல் மகன் ராஜரத்னா இறந்தபின் நண்பர் தத்தோபா பவாருக்கு எழுதியதில், மண்ணுக்குக் கொடுத்த நான்கு பிள்ளைகளின் துயரம் இருக்கிறது. தம் ‘மூக்நாயக்’ இதழிலும் சட்டமன்றத்திலும் பேசியவரை இந்தப் பிள்ளைகளின் தகப்பனிடமிருந்து பிரித்தால் இரண்டு பேரையும் இழக்கிறோம். இரண்டாம் மனைவி சவிதா அம்பேத்கர் தம் நினைவுநூலில் 1948 திருமணத்துக்கு முந்தைய கடிதங்களைச் சேர்த்தது எனக்குப் பெரிய கொடையாகவே படுகிறது.

இனி நம் பக்கம். தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம், நான் இதை எழுதும் பிள்ளைப்பாக்கம் இருந்த அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர், பின் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக நெடுங்காலம் இருந்தார், 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனார். கடல் தாண்டி இத்தனை ஆண்டுகள் இருந்தவர் வீட்டுக்கு எழுதாமலா இருந்திருப்பார்? 1939இல் அவர் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ ஒரு பொதுமனிதரின் கணக்கு. அதன் மறுபாதியை வாரிசுகளின் பெட்டிகளிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆவணங்களிலும் தேட வேண்டும். தேடும்போது அவருக்கு வந்த கடிதங்களையும் விடக்கூடாது. எழுதத் தெரியாமல் அடுத்தவரிடம் சொல்லி எழுதுவித்த அஞ்சலட்டை இருந்தால், அதுவும் தொகுப்பில் முதற்பக்கத்துக்கு உரியது.