சத்தியத்துக்கும் சாவுக்கும் நடுவுல

நம்ம கதைகளிலும் வீதி நாடகங்களிலும் வருகிற குடிகாரனுக்கு ரெண்டே முடிவுதான். சத்தியம் பண்ணித் திருந்துவான், இல்லாட்டி சாவான். நடுவில் ஒரு வாழ்க்கை இருப்பதை யாரும் எழுதுவதில்லை.

இந்தக் கதையாடல் நாம் உண்டாக்கியதல்ல. 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி நடத்திய 'விமோசனம்' மதுவிலக்குக்கென்றே வந்த பத்திரிகை. அவருடைய 'திக்கற்ற பார்வதி' 1974இல் படமாகவும் வந்தது. குடி குடும்பத்தை அழிக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் அது மேலிருந்து கீழே பார்க்கிற பார்வை. குடிக்கிறவன் அங்கே திருத்தப்பட வேண்டிய பொருள். நாமும் அதே அச்சில் வார்க்கிறோம் என்பதுதான் வருத்தம். மேடையில் தள்ளாடி வருகிற அப்பனைப் பார்த்து நம்ம பிள்ளைகளே கைகொட்டிச் சிரிக்குது.

என் பெரியப்பா சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்தவர். "குடிக்காம அந்த நாத்தத்துல எவன் எறங்குவான், நீ எறங்கிப் பாரேன்" என்பார். அவரை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி, சூடம் அணைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினோம். வாங்கியதில் நானும் ஒருத்தன். அன்றோடு நிறுத்தினார். மூணாம் நாள் கை நடுங்கி, இல்லாத ஆளோடு பேசி, வலிப்பு வந்து விழுந்தார். வருசக்கணக்கில் தினம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம், மருத்துவர் துணை வேண்டும் என்று எங்களில் எவனுக்கும் தெரியாது. பிழைத்தார். ஆறு மாசம் கழித்து ஒருநாள் குடித்தார். 'சத்தியம் தவறினவன்' என்று தெருவே பேச்சை நிறுத்தியது. அதற்கப்புறம் ஒளிந்து, தனியாகக் குடித்தே செத்தார். அவரைக் கொன்றது குடி மட்டுமில்லை.

தீங்கு குறைப்பு என்கிற சிந்தனை இங்கேதான் நமக்குத் தேவைப்படுகிறது. 1984இல் ஆம்ஸ்டர்டாமில் போதை ஊசி போடுகிறவர்களே சங்கம் கட்டி, கல்லீரல் நோய் பரவாமலிருக்கப் பழைய ஊசிக்குப் புது ஊசி கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 'முதலில் திருந்து, அப்புறம்தான் நீ மனுசன்' என்பதைத் தலைகீழாக்கினார்கள். முதலில் உயிரோடு இரு.

நம்ம தெருவில் இதற்கு அர்த்தம் எளிது. வெறும் வயித்தில் குடிக்காதே. கூலியை வீட்டில் கொடுத்துட்டுப் போ. குவார்ட்டர் கட்டிங் ஆனால் அதுவும் கணக்குதான். பாக்கெட் சாராயத்தைத் தொடாதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. கண் மங்கினால் ஒளிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. வெட்கப்பட்டு வீட்டில் படுக்கிற ஒவ்வொரு மணி நேரமும் எமனுக்குக் கொடுக்கிற நேரம்.

இது குடிக்கு வக்காலத்து என்பார்கள். இல்லை. 1992இல் நெல்லூர் துபகுண்டா பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்த கோபம் நம்ம கோபம்தான். கடையை மூடச் சொல்வோம், ஆளை ஒதுக்க மாட்டோம். பொண்டாட்டியை அடிக்கிறவனுக்கு இதில் சலுகை கிடையாது. அங்கே முதலில் குறைக்க வேண்டிய தீங்கு அவள் மேல் விழுகிற அடி.

எழுதுகிற தோழர்களே, தவறி விழுந்த மறுநாளும் ஒரு மனுசனிடம் "சாப்டியா" என்று கேட்கிற தெருவை எழுதுங்கள். என் பெரியப்பாவுக்கு நாங்கள் அதைக் கேட்கவில்லை.