பாதை போட்டவர் எழுதிய புத்தகம்

பிரயாண நூல்களைப் படுக்கையில் சாய்ந்துகொண்டு படிப்பதுதான் என் வழக்கம். அந்தந்த இடத்துக்கே போய் உட்கார்ந்து படித்தது ஒரே ஒரு தடவைதான். அது நல்ல பழக்கந்தானா என்று எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. புத்தகம் சொல்வதையும் கண்ணெதிரே தெரிவதையும் ஒத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை.

பெர்த்தில் எஞ்சினீயராக இருக்கும் என் மருமான், ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தை மோட்டாரில் குறுக்காகக் கடக்கலாம் வாருங்கள் என்று அழைத்தான். லேவர்ட்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, உலுரு என்னும் பெரும் பாறைக்குப் பக்கத்தில் முடிகிற ரோடு அது. 1,100 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பாலும் சிவப்பு மண். இருநூறு முந்நூறு கிலோ மீட்டருக்கு ஒரு பெட்ரோல் கடை. ரோடு நெடுக வரிவரியாக மேடும் பள்ளமும். டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஓரங்களில் கைவிடப்பட்ட கார்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இருட்டுவதற்குள் வண்டியை விலக்கி நிறுத்தி, சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டி, அரிசியும் பருப்புமாய் ஏதோ பொங்கித் தின்றுவிட்டு, கான்வாஸ் படுக்கைக்குள் புகுந்துகொள்ள வேண்டியது. ஜூலை மாதம். விடியற்காலையில் வெளியே வைத்திருந்த தண்ணீர் மேல் ஏடு படிந்தாற் போல் பனிக்கட்டி.

முதல் ராத்திரி நெருப்பண்டை உட்கார்ந்து, "என்னடா இது, நூறு மைலுக்கு ஈ காக்கை இல்லை போலிருக்கே!" என்றேன். பகலில் ஈக்கு மாத்திரம் ஒரு குறைவும் இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

"அதுக்குத்தானே மாமா வந்திருக்கோம்" என்று சொல்லி, ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்தான். "இந்தப் பக்கத்துப் பாதைகளைப் போட்டவரே எழுதினது. படிச்சுப் பாருங்கோ. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

லென் பீடெல் எழுதிய 'டூ லாங் இன் தி புஷ்' அது. 1965இல் வெளிவந்தது. காட்டிலே ரொம்ப நாள் இருந்துவிட்டேன் என்று பொருள் சொல்லிக்கொள்ளலாம். பீடெல் ஸர்வேயர். 1947 முதல் 1963 வரையில் நடு ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 6,000 கிலோ மீட்டர் பாதைக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவர். அவரும் ஒரு சின்னக் கூட்டமுந்தான். அவர் லாண்ட் ரோவரில் புதருக்குள் முட்டி மோதி முன்னால் போவார். கண்ணாடிச் சில்லில் வெயிலைப் பிடித்துப் பின்னால் காட்டுவார். அந்தப் பளிச்சைக் குறி வைத்துப் புல்டோசர் வரும்; அதன் பின்னால் மண்ணைச் சமப்படுத்தும் கிரேடர். ராத்திரி ஆனால் தியோடலைட்டை வைத்து நட்சத்திரங்களை அளந்து, தாம் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்கை ஓர் அலுமினியத் தகட்டில் எழுத்தெழுத்தாக அடித்து மரத்தில் பதித்துவிட்டுப் போவார். துப்பாக்கிக் குழல் மாதிரி நேராகப் பாதை போட வேண்டும் என்பது அவருக்கு ஆசை. அதனால் அந்தக் கூட்டத்துக்கும், 1955 முதல் 1958 வரை அவர்கள் போட்ட பெரிய பாதைக்கும் 'கன்பாரல்' என்றே பெயர் வந்துவிட்டது.

புத்தகம் நன்றாக இருக்கிறது. இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். தொழில் தெரிந்தவன் தன் தொழிலைப் பற்றி எழுதும்போது வருகிற அமைதி அதில் இருக்கிறது. டயர் வெடிக்கிறது, தண்ணீர் தீருகிறது, வண்டி உடைகிறது. எதற்கும் கூச்சல் இல்லை. எந்தச் சங்கடத்திலும் முதலில் தம்மைத்தான் கேலி செய்துகொள்கிறார். கார்ட்டூன்களையும் அவரே போட்டிருக்கிறார். வைத்தியர் இல்லாத இடத்தில் கூட்டாளிகளின் பல்லைப் பிடுங்கும் வேலையும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. வீரம் பேசுகிற பிரயாணக்காரர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு கசப்பு உண்டு. பீடெல் வீரம் பேசவே இல்லை. மூன்றாம் நாள் வரையில் நானும் மருமான் சொன்னபடியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வாராகுர்னா போய்ச் சேர்ந்தோம். 1956இல் ஏற்பட்ட கைல்ஸ் வானிலை நிலையம் அங்கே இருக்கிறது. இடம் பார்த்துக் கொடுத்தவர் பீடெல்தான். அவருடைய கூட்டத்தின் கிரேடரை அங்கே காட்சிக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் வந்த பாத்திரத்தை நேரில் பார்த்த சந்தோஷம் எனக்கு. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதே இடத்தில் வேறொரு பொருளும் இருந்தது. கசங்கி நெளிந்த உலோகம். 1964 ஜூன் 5ஆம் தேதி வூமெராவிலிருந்து விட்ட முதல் 'ப்ளூ ஸ்ட்ரீக்' ராக்கெட்டின் மிச்சம். பாலைவனத்தில் விழுந்து கிடந்து, 1980இல் கண்டெடுக்கப்பட்டதாம்.

கிரேடரையும் ராக்கெட்டையும் ஓரிடத்தில் வைத்தவர்கள் இலக்கிய விமர்சனம் செய்வதாக நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் எனக்கு அது விமர்சனமாகத்தான் பட்டது. இந்தப் பாதைகள் உல்லாசப் பிரயாணிகளுக்காகப் போட்டவை அல்ல. பிரிட்டனின் ராக்கெட்டுகளும் அணுகுண்டுகளும் சோதிக்கப்படுவதற்காகப் போட்டவை. பீடெல் இதை மறைக்கவில்லை. ஈமு என்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்ததையும், 1953 அக்டோபரில் அங்கே குண்டு வெடித்ததையும் 'ப்ளாஸ்ட் தி புஷ்' என்று 1967இல் தனிப் புத்தகமாகவே எழுதினார். அதே சிரிப்பு, அதே சுறுசுறுப்பு. அந்த முதல் வெடிக்குப் பிறகு கறுப்பு மூடுபனி போல் ஒன்று வந்து தங்கள் மேல் படிந்தது என்று வாலட்டின்னா பக்கத்து ஜனங்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். சிறுவனாக அங்கே இருந்து பின்னர் கண் பார்வை இழந்த யாமி லெஸ்டர் அவர்களில் ஒருவர். 1985இல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன், காற்றின் நிலைமை சரியில்லாதபோது அந்தக் குண்டை வெடித்தார்கள் என்றும், மூடுபனி வந்தது உண்மைதான் என்றும் முடிவு செய்தது. 1967இல் எழுதியவர் 1985ஐ அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. நான் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. ஈமு வட்டாரத்தில் அலைந்தபோது, பழங்குடியினர் வரிசையாக நட்டு வைத்த கல் பலகைகளை அவர் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சோடு ஒப்பிட்டார். வியந்தார். ஒரு சடங்கு நடந்த இடம் என்று அவருக்குத் தெரிகிறது. சடங்கு என்றால் அதைச் செய்தவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வரக்கூடும். ஒரு நாவலாசிரியன் கை அந்த இடத்தில் கொஞ்சம் நடுங்கியிருக்கும். பீடெலின் வண்டி நகர்ந்துவிடுகிறது. பழங்குடியினர் அவர் புத்தகங்களில் வராமல் இல்லை. அவர்களிடம் அவருக்கு வெறுப்பும் கிடையாது. ஆனால் அவர்கள் ரோட்டோரத்தில் வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள். கதை அவர்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பி உட்காருவதில்லை.

பெயர் வைக்கிற விஷயத்தையும் பாருங்கள். ஒரு பாதைக்கு மனைவி ஆன் பெயர். ஒன்றுக்கு மகள் கானி சூ பெயர். 1962இல் அந்தப் பாதை போட்டபோது கைக்குழந்தையையும் கூட அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மகன் காரி பெயரில் ஒன்று. ஒரு சந்திப்புக்கு இளைய மகள் ஜாக்கி பெயர். படிக்கிறபோது மனசுக்கு இதமாக இருக்கிறது. பாதைதான் புதிது, அது கடந்து சென்ற ஊற்றுக்கும் மேட்டுக்கும் முன்னமே பெயர் இருந்தது என்ற நினைப்பு வாசகனுக்கு எழுவதே இல்லை. எழாதபடி இதம் பார்த்துக்கொள்கிறது.

அன்று ராத்திரி இதை மருமானிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவர் ஸர்வேயர், மாமா. அவர் வேலையை அவர் பண்ணினார். ஊர்ப் பாவத்தையெல்லாம் அவர் தலையிலே கட்டறேளே!"

"பாவத்தைப் பத்தி நான் பேசலைடா. யார் கண்ணாலே கதை சொல்றதுங்கறதைப் பத்திப் பேசறேன்."

"உங்களுக்கு எல்லாமே நாவல்தான்" என்று சொல்லிவிட்டு விறகைத் தள்ளினான். அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

பாலைவனத்தை வைத்துப் பெயர் வாங்கிய மற்றப் புத்தகங்களும் இதில் மேல் என்று சொல்லிவிட முடியாது. அயான் இட்ரியஸ் 1931இல் எழுதிய 'லாஸட்டர்ஸ் லாஸ்ட் ரைட்' ஆஸ்திரேலியாவில் எக்கச்சக்கமாக விற்ற நூல். தங்க ரேகையைத் தேடிப் போய் 1931இல் மாண்ட லாஸட்டரைப் பற்றியது. அவர் ஒண்டிக் கிடந்த குகை இந்த ரோட்டிலேயே இருக்கிறது, பார்த்தோம். குகை சின்னது, புத்தகம் பெரிது. பாட்ரிக் ஒயிட்டின் 'வாஸ்' (1957) வேறு ஜாதி, மேதையின் சிருஷ்டி. 1848இல் காணாமற்போன லைக்கார்ட் என்ற ஜெர்மானியரின் நிழலில் பிறந்த நாவல். ஆனால் அதில் வருகிற பாலைவனம் ஒரு மனிதனுடைய ஆணவத்தின் உட்புறம். அந்த மாதிரி இடத்துக்குப் பெட்ரோலும் பெர்மிட்டும் வேண்டியதில்லை.

பெர்மிட் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த ரோடு பழங்குடியினர் நிலத்தின் வழியாகப் போகிறது. முன்கூட்டி எழுதி அநுமதிச் சீட்டு வாங்காமல் போகக்கூடாது. புறப்படுகிற அன்றே மருமான் அதை என்னிடம் காட்டி, வண்டியின் முன் அறையில் வைத்தான். அந்தச் சீட்டுக்கு நாலு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டுதான், ஈ காக்கை இல்லை என்று நான் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சாவி வாங்கித் திறந்துகொண்டு வந்துவிட்டு, வீட்டிலே யாருமே குடியில்லை என்று சொல்கிற மாதிரி. ஆகவே பீடெலைக் குற்றம் சொல்லும்போது எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஊர் திரும்புமுன் பெர்த்தில் இன்னொரு புத்தகம் கிடைத்தது. 'கிளியர்ட் அவுட்', 2005இல் வெளிவந்தது. ஸூ டேவன்போர்ட், பீட்டர் ஜான்ஸன், யுவாலி என்று மூன்று பேர் பெயர் அட்டையில். யுவாலி மார்டு இனத்துப் பெண்மணி. நான் பார்த்த அந்த ராக்கெட் சோதனை நடந்த அதே 1964இல் அவருக்குப் பதினேழு வயசு இருக்கும். பெர்ஸிவல் ஏரிகள் என்று வரைபடம் சொல்கிற உப்பு நிலத்தருகே இருபது பேர், பெண்களும் குழந்தைகளுமாக, வெள்ளைக்காரர்களையே அறியாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ராக்கெட் துண்டுகள் விழக்கூடும் என்று குறித்த பிரதேசம் அது. ஆட்களை அப்புறப்படுத்த ரோந்து அதிகாரிகள் வண்டியில் வருகிறார்கள். யுவாலியின் கண்ணில் முதலில் பட்டது வண்டி அல்ல. உயிர் வந்து நகர்கிற பாறை. அவர்கள் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள். வாரக்கணக்கில் இது நடக்கிறது. கடைசியில் பிடிபட்டு, ஜிகலாங் மிஷனுக்குப் போய்ச் சேருகிறார்கள்.

நூலின் அமைப்பு எளிமையானது. அதிகாரிகளின் அறிக்கைகள் ஒரு பக்கம். யுவாலி வாய்மொழியாகச் சொன்னது இன்னொரு பக்கம். அறிக்கையில் காலடித் தடமாக இருப்பது, அவர் பேச்சில் மூச்சு வாங்குகிற ஆளாக எழுந்து நிற்கிறது. எந்த நாவலாசிரியனும் பொறாமைப்பட வேண்டிய உத்தி. யாரும் உத்தியாக நினைத்துச் செய்ததில்லை என்பதுதான் விசேஷம். அந்த அதிகாரிகளில் ஒருவரான வால்டர் மக்டூகலை ராட்சஸராகக் காட்டவும் இல்லை. பிரிட்டிஷ் காமன்வெல்த்தைவிட ஒரு பிடி காட்டு ஜனங்கள் பெரிதா உமக்கு என்று மேலதிகாரியிடம் 1956இல் வசவு வாங்கியவர் அவர். அவருடைய வண்டிதான் யுவாலிக்குப் பாறையாகத் தெரிந்தது. இந்தச் சிக்கல் பீடெலின் சிரிப்புக்குள் அடங்காது.

பீடெலைவிட யுவாலி நன்றாக எழுதுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. 'கிளியர்ட் அவு'ட்டில் ஆராய்ச்சியாளர் குறுக்கிடுகிற இடங்கள் வறண்டுதான் இருக்கின்றன. பீடெலிடம் ஒரு வறண்ட பக்கம் கிடையாது. ஆனால் மூன்றாம் நாளுக்கு அப்புறம் எனக்கு அவருடைய ஹாஸ்யம் பழைய மாதிரி ருசிக்கவில்லை. ராத்திரி டாக்கர் நதிப் பக்கம் பாலைவன ஓக் மரங்களுக்கடியில் படுத்திருந்தோம். நம் ஊர்ச் சவுக்குக்கு உறவு அந்த மரம். காற்றில் அதே இரைச்சல். கூட்டத்தார் தூங்கின பிறகு பீடெல் தனியாக நட்சத்திரம் அளக்கிற காட்சியை லாந்தர் வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். அற்புதமான காட்சி. எவ்வளவு தூரத்திலிருந்து யார் அந்த விளக்கைப் பார்த்திருப்பார்கள் என்ற யோசனை வந்தது. அதற்கு மேல் படிப்பு ஓடவில்லை.

தமிழில் யாராவது செய்ய முன்வந்தால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பீடெலின் கார்ட்டூன்களை விட்டுவிடக் கூடாது.