பிச்சையா, மன்றாட்டா?

2017 டிசம்பர் 15, மாநிலங்களவையின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நாள். ஆவணங்களை அவையில் வைக்கும் அமைச்சர்கள் 'ஐ பெக் டு லே' என்று சொல்வது மரபாக இருந்தது. இது சுதந்திர இந்தியா, 'பெக்' இனி வேண்டாம் என்றார் அவைத்தலைவர் வெங்கையா நாயுடு. பலருக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அவர் சொன்ன காரணம் நிற்குமா?

நிற்காது என்றே சொல்வேன். லண்டன் நாடாளுமன்றத்தில் இன்றும் தீர்மானம் கொண்டுவருபவர் 'ஐ பெக் டு மூவ்' என்றுதான் தொடங்குகிறார். அடிமை ஆண்டானிடம் பேசுகிற பேச்சல்ல அது. தன்னோடு சரிசமமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் உறுப்பினர் காட்டும் அவையடக்கம். 'பெக்' என்பதை அடுத்து 'டு'வும் ஒரு வினையும் வந்தால் பெரும்பாலும் அது சடங்குதான். 'ஐ பெக் டு டிஃபர்' என்பவர் கெஞ்சவா செய்கிறார்? நீங்கள் சொல்வது தவறு என்கிறார், மரியாதையாக. கெஞ்சல் இருப்பது 'ஐ பெக் யூ'வில். அங்கே எதிரில் ஓர் ஆள் நிற்கிறார்; அவர் மறுக்கலாம்.

'பெக்' மலிந்துவிட்டது என்று வேறு வினைகளைத் தேடுவோர் உண்டு. 'பிளீட்' நீதிமன்றத்தில் வளர்ந்த சொல். நம் மன்றாட்டுக்குள் மன்று இருப்பதுபோல அதற்குள் வழக்காடல் இருக்கிறது. காரணம் சொல்லாமல் அது நிற்பதில்லை. 'என்ட்ரீட்' இன்று பெரும்பாலும் ஏட்டில்தான். 'இம்ப்ளோர்' லத்தீன் அழுகையிலிருந்து வந்தது. இன்றும் உயிரோடிருக்கிறது, ஆனால் மேடைக்கண்ணீர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். விடுப்பு விண்ணப்பத்தில் அதைப் போட்டால் சிரிப்புதான் மிஞ்சும்.

'பிசீச்' மட்டும் தனி. 1650 ஆகஸ்ட் 3 அன்று ஆங்கிலேயப் படைத்தலைவர் ஆலிவர் குரோம்வெல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பேரவைக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் இந்த வினை வருகிறது. நீங்கள் தவறியிருக்கவும் கூடும் என்று எண்ணிப் பாருங்கள் என்று கிறிஸ்துவின் பெயரால் அவர்களை இறைஞ்சினார். புள்ளியியலாளர் டெனிஸ் லிண்ட்லி, தர்க்கப்படி இயலாததைத் தவிர எந்தக் கருதுகோளுக்கும் சுழி நிகழ்தகவு தராதே என்ற விதிக்கு 'குரோம்வெல் விதி' என்று பெயர் வைத்தது இக்கடிதத்தை நினைத்துத்தான். வேண்டுகோள் அப்பழுக்கற்றது. எழுதியவரோ படையோடு அவர்கள் நாட்டுக்குள் புகுந்திருந்தார்! சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 3 அன்று, டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை நொறுக்கினார். தானும் தவறியிருக்கலாம் என்று அந்த ஒரு மாதத்தில் அவர் எண்ணிப் பார்த்ததற்கு அடையாளம் இல்லை. பீரங்கி வைத்திருப்பவன் இறைஞ்சினால், கேட்பவன் காதில் விழுவது கெடு.

ஆகவே இன்று ஆங்கிலத்தில் மனமுருகிக் கேட்க வேண்டியவருக்கு என் பரிந்துரை 'ஐ பெக் யூ'தான். அதில் தேவாலய வாசமும் இல்லை, நாடகமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லலாம். நாயுடுவின் வாதம் தவறு என்றாலும் அவர் கேட்டது நல்லதே. அச்சடித்த காகிதத்தை மேசையில் வைப்பதற்கெல்லாம் செலவழிக்காமல் இருந்தால், உயிருக்கு மன்றாடுகிறவனிடம் அந்த வினை தேயாமல் போய்ச் சேரும்.